கதவில்லாத பக்கம்

கல்முனைப் பக்கத்தில் அந்த நாளில் கார் வைத்திருந்தவர்கள் சிலர். ஓட்டத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் பந்தயத்தில் ஓடப் பழக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ரோட்டு வேலைப் பகுதியில் ஓவசியராக இருந்தார். வேறு ஊர்க்காரர், மருதமுனையில் கலியாணம் முடித்து, பெண்வீட்டிலேயே இருந்தார். அவருடைய பெயரை எழுதுவது அவருடைய பிள்ளைகளுக்குப் பிடிக்குமோ தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கூப்பிட்டபடி ஓவசியர் என்றே எழுதுகிறேன்.

என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அண்ணன் முறை வைத்து என்னைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். காரில் ஏறிய பிறகு அந்த வயது வித்தியாசம் எங்கே போய்விடும் என்று தெரியாது.

எங்கள் பக்கத்தில் பந்தயம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மேற்கே காடு வெட்டிப் பெரிய அணைக்கட்டு கட்டினார்கள். அந்த வேலைக்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த இஞ்சினியர்மாருக்குப் பொழுது போகவில்லை. குடியேற்றத்துக்கென்று புதிதாகப் போட்ட கிரவல் ரோட்டுகளில் ஆளுக்காள் கார் விட்டுப் பார்த்தார்கள். பிறகு அதுவே கோடை காலத்துப் பந்தயமாகிவிட்டது. மூன்று ரோட்டுகள் முக்கோணமாகச் சந்திக்கும் ஒரு சுற்று. அதில் ஒரு ரோட்டின் இடதுபக்கம் நெடுக வாய்க்கால். கார் இருந்தால் யாரும் ஓடலாம்.

எங்களுக்கு நிந்தவூரில் வயலும் ஒரு நெல் ஆலையும் இருந்தன. வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய ஓர் இஞ்சினியரிடம் நான் ஒரு சின்னக் காரை வாங்கினேன். எனக்கு முப்பத்துநாலு வயது, மூன்று பிள்ளைகள். அந்த வயதில் பந்தயம் ஓடவேண்டும் என்ற ஆசை எப்படி வந்ததென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாப்பா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அதற்கும் ஆசை அடங்கவில்லை.

ஓவசியரைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும் என்றார்கள். சொல்லியனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சைக்கிளில் வந்தார். காக்கிக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, வெயிலுக்கு ஒரு தொப்பி. சலாம் சொன்னார். பிளேன்டீ குடித்தார். காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு ஆலையிலிருந்து மரையாணி கழற்றும் சாவி ஒன்று வாங்கி, இடதுபக்கக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"என்ன தம்பி செய்றீங்க?"

"நான் இருக்கிற பக்கத்துக்குக் கதவு வாணாம் காக்கா."

"ஏன்?"

"பந்தயத்துல தூசி எழும்பினா முன்னால ஒண்டும் தெரியா. கீழ ரோட்டுக் கரையப் பார்த்துத்தான் ஓடோணும். நீங்க ஓடுங்க, நான் கரையப் பாக்கிறன்."

அந்தக் காரணம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அது தண்ணீர் வற்றிய குளத்துத் தரையில் அவர் என்னை முதல் தடவை வேகமாக விடச் சொன்னபோதுதான் விளங்கியது. நான் மிதிக்க மிதிக்க, என் இடதுபக்கத்தில் ஒரு மனிதர் வெறும் காற்றை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் முழங்காலில் கிடந்தன. நான் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் ஆள் வெளியே போய்விடுவார். என் கால் தானாக எழும்பியது.

"ஏன் விட்டீங்க?"

"நீங்க விழுந்திருவீங்க தம்பி."

"நான் விழாம ஓடுங்க. மிதிங்க."

அவர் பழக்கியது முழுவதும் இதுதான். அதிகம் கதைக்கமாட்டார். வேகத்துக்கு 'மிதிங்க', காலை எடுக்க 'விடுங்க' என்ற இரண்டு சொல்தான். அதையும் ஒரு தடவைதான் சொல்வார். குரல் எழும்பாது, பக்கத்தில் இருப்பவருக்கு உப்புக் கேட்பது போலிருக்கும். தூசிக்குள் ஓடப் பழக்கும்போது மட்டும் மூன்றாவது சொல் ஒன்று வரும். என் மச்சானின் லொறியை முன்னால் ஓடவிட்டு, அதன் தூசிக்குள் எங்களைப் போகச் சொல்வார். கண்ணுக்கு முன்னால் செம்மண் சுவர். அவர் வெளியே சரிந்து ரோட்டுக் கரையைப் பார்த்தபடி, "இரிக்கி... இரிக்கி... இரிக்கி..." என்று சொல்லிக்கொண்டே வருவார். ரோட்டு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குரல் நின்றால் நாங்கள் காலை எடுத்துவிட வேண்டும்.

புதிதாக ஓடுகிறவன் எவனாக இருந்தாலும் முதல் பந்தயத்தில் அவன் பக்கத்தில் இவர் இருப்பார். தனியே விடமாட்டார். எனக்கு முன்னால் நாலைந்து பேருக்கு அப்படி இருந்திருக்கிறார். அதற்குக் கூலி வாங்கியதில்லை. பந்தயம் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வென்றவனோடு படம் பிடிக்கக்கூட நின்றதில்லை.

என் மச்சான், என் மனைவி சபியாவின் தம்பி, சாய்ந்தமருதில் லொறி வைத்திருந்தவன். எனக்குப் பழக்குவதைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்தது. லொறி ஓட்டிய கை, துணிச்சல் கூட. ஒரு நாள் குளத்துத் தரையில் என் காரை எடுத்தான். நான் குளக்கட்டின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் தூரத்து வளைவுக்கு வந்தது. ஓவசியர் 'விடுங்க' என்று சொன்னாராம். மச்சான் விடவில்லை. கார் இரண்டு சில்லில் எழும்பி மறுபடி விழுந்ததை நான் கண்டேன். அதற்குப் பிறகு காரில் ஒரே ஒரு தலைதான் இருந்தது.

நான் ஓடிப்போனபோது ஓவசியர் தரையில் எழும்பி உட்கார்ந்திருந்தார். இடது கை முழங்கைக்கு மேலே ஒரு மாதிரி வளைந்திருந்தது. மச்சான் பக்கத்தில் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தான். ஓவசியர் அவனைப் பார்த்து, கோபமே இல்லாமல், "நான் சொன்னது கேக்கல்லியா, கேட்டும் விடல்லியா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலும் அதையே திரும்பக் கேட்டார். கடைசியில் மச்சான், "கேட்டுது. விடல்ல," என்றான். "அதுதான் தெரியோணும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கை சுகப்படுமுன்பே, கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டபடி ஒரு பின்னேரம் வந்து, "மச்சானக் கூப்பிடுங்க," என்றார். அதே தரை, அதே வளைவு, அதே கதவில்லாத பக்கம். மச்சான் வண்டில் மாட்டைப் போல மெதுவாகக் காரை உருட்டினான். "மிதிங்க," என்றார் இவர். நான் குளக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு நல்ல புத்திதானா என்று அன்றைக்குத்தான் முதன்முதல் யோசித்தேன். மச்சான் அந்த வளைவைச் சரியாக எடுத்துவிட்டு, காரை நிறுத்தி, இறங்கி, சாவியை என் கையில் வைத்தான். "அந்தாளோட ஏறினா என்ட உம்மாவ ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இரிக்கி. எனக்கு இது வாணாம் மச்சான்." அதற்குப் பிறகு அவன் பந்தயத்தின் பக்கமே வரவில்லை.

அன்று திரும்பி வரும்போது ஓவசியரிடம் நேரே கேட்டேன்.

"தம்பி, நீங்க நல்லா ஓடுவீங்க எண்டு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே ஓடாம, ஓடத் தெரியாத எங்களோட ஏன் ஏறுறீங்க?"

கழுத்துத் துணியில் தொங்கிய கையைச் சரிசெய்துகொண்டார்.

"கொழும்புல படிக்கக்குள்ள ஓடினன் காக்கா. மூணு தரம் பெரண்டன். தனிய இருந்தா எனக்குப் பயம் வராது. என்ட உசிர் எண்டு ஒரு நினைப்பே வராது. பக்கத்துல ஒராள ஏத்தினா சரியா ஓடுவன். அப்பதான் விளங்கினது, பிழை கையில இல்லை, இதுல எண்டு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "என்னப் போல ஆக்கள்தான் பந்தயத்துக்கு வாறாங்க. அவங்களுக்குப் பக்கத்துல ஒராள் வேணும்."

அவருடைய கை சுகமாகிவிட்டது. பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். சபியா அவரை முன்வீட்டில் பாய் போட்டு உட்காரவைத்ததும், அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் கேட்டது. நிறைமாதத்துக்குக் கொஞ்சம்தான் இருந்தது. கலியாணம் முடித்துப் பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"ராத்தா, நான் வந்த எண்டு அவருக்குத் தெரியப்படாது," என்றார். "நான் சொன்னாக் கேக்கமாட்டார். உங்கட ஊட்டுக்காரர்தான் ஏத்தாம விடோணும்."

சபியா ஏதோ ஆறுதல் சொன்னாள்.

"அவர் உங்கட ஊட்டுக்காரர நம்பி ஏறுறார். உங்கட ஊட்டுக்காரர் ஆர நம்பி ஓடுறார், ராத்தா? அதச் சொல்லுங்க, நான் போறன்."

அவர் போய்விட்டார். அன்று முழுவதும் சபியா எனக்குச் சாப்பாடு போட்டதும் பிள்ளைகளைக் கொண்டுதான்.

அடுத்த நாள் ரோட்டு வேலை நடந்த இடத்துக்கே போய் அவரைக் கண்டேன். தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, நான் தனிய ஓடுறன்," என்றேன்.

"அப்ப நீங்க ஓடவே வாணாம் காக்கா."

"இல்ல, நான்..."

"ஊட்டுக்கு ஆரும் வந்தாங்களா?"

அவர் தார்ப் பீப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி," என்றார். அவ்வளவுதான். வரமாட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பந்தயத்தன்று காலையில் நான் போனபோது சுற்று ரோட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். அவர்தான். புதிய ரோட்டு என்றால் வெறுங்காலோடு ஒரு தடவை நடந்து பார்ப்பது அவருக்குப் பழக்கம். வந்தவர் என்னிடம் எதுவும் கேட்காமல், மரைச் சாவி எடுத்துக் கதவைக் கழற்றத் தொடங்கினார்.

"தம்பி, வாணாம்."

"வாய்க்கால் ரோட்டுல மதகடிக்குப் போகக்குள்ள கிரவல் இளகி இரிக்கி. அதுக்கு முந்தியே கால விடுங்க," என்றார். கதவைப் புல்லில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஆறு கார் ஓடின. சொறிக்கல்முனையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் வண்டில் கட்டிக்கொண்டு சனம் வந்திருந்தது. நான் முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு கார் நின்றுபோனது. எனக்கு முன்னால் ஒரே ஒரு கார்தான். கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் இஞ்சினியருடையது. பின்னால் மூன்று.

கடைசிச் சுற்று. வாய்க்கால் ரோட்டில் திரும்பினோம். காற்று விழுந்துவிட்டது. முன்னால் போன காரின் தூசி கலையாமல் ரோட்டின்மேல் அப்படியே நின்றது. உள்ளே புகுந்தேன். காரின் மூக்குக்கூடத் தெரியவில்லை. இடதுபக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது என்பது தெரியும்.

"இரிக்கி... இரிக்கி... இரிக்கி..."

குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. முன்னால் கேட்ட எஞ்சின் சத்தம் கிட்ட வந்தது. பிடித்துவிடலாம் என்று பட்டது. பிறகு அந்தச் சத்தமும் கேட்கவில்லை. மிதித்தேன்.

"இரிக்கி... இரிக்கி..."

குரல் நின்றது.

என் கால் எழும்பியதா, நான் எழுப்பினேனா, தெரியாது. பிறேக்கை மிதித்தேன். கார் பக்கவாட்டில் வழுக்கி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. தூசி கொஞ்சம் விலகியது. எங்களுக்கு முன்னால், கை எட்டும் தூரமென்றே சொல்லவேண்டும், அந்த இஞ்சினியர் ரோட்டில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். நெற்றியிலிருந்து இரத்தம். அவருடைய கார் வாய்க்காலுக்குள் சில்லு மேலே கிடந்தது.

ஓவசியர் குதித்து இறங்கினார். "அவர இழுங்க காக்கா," என்றார். சொல்லிவிட்டு, தான் அந்த மனிதர் பக்கம் போகாமல், வந்த வழியே பின்னால் ஓடினார். பின்னால் மூன்று கார் வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

நான் இஞ்சினியரை அக்குளில் பிடித்து ரோட்டோரம் இழுத்தேன். தூசிக்குள் ஓவசியர் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் கொடிபோல வீசுவது ஒரு கணம் தெரிந்தது, பிறகு மறைந்தது. எஞ்சின் சத்தம் வந்தது. "நில்லு, நில்லு" என்று அவர் கத்துவது கேட்டது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறேக் சத்தம், கல் பறக்கும் சத்தம், இன்னொரு பிறேக் சத்தம். மூன்றாவது கார் மண்மேட்டில் ஏறி மோதி நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அந்த இஞ்சினியரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூசியைப் பார்த்தபடி கலிமா சொல்லிக்கொண்டிருந்தேன். மருதமுனைக்குப் போய் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

அவர் சட்டையை உதறிக்கொண்டு நடந்து வந்தார்.

அன்றைக்குப் பந்தயத்தில் யாரும் வெல்லவில்லை. இஞ்சினியருக்கு நெற்றியில் தையல் போட்டார்கள், தோள் எலும்பு முறிந்திருந்தது, பிழைத்துக்கொண்டார். வந்திருந்த சனம் முழுவதும் ஓவசியரைச் சூழ்ந்துகொண்டது. அவ்வளவு தூசிக்குள் ஒரு மனிதன் ரோட்டில் கிடப்பதைக் கண்டு காரை நிறுத்திவிட்டாரே என்று ஆளுக்காள் கையைப் பிடித்தார்கள். வெள்ளைக்காரப் பெரிய இஞ்சினியர் தொப்பியைக் கழற்றினார். ஓவசியர் கூட்டத்தை விலக்கி வெளியே வந்தார். கதவை எடுத்து வந்து தன் கையாலேயே காரில் பொருத்திப் பூட்டினார். அதற்கு முன் அவர் ஒருநாளும் கதவைத் திரும்பப் பூட்டியதில்லை. அது எங்கள் வேலை.

வழியில் நிறுத்தச் சொன்னார். ஒரு மருத மரத்தடியில் இறங்கி நின்றோம்.

"நான் அந்தாளக் காணல்ல காக்கா," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ரோட்டு இருந்தது. கரை நல்லாத் தெரிஞ்சது. நீங்க மிதிச்சீங்க. எனக்கு ஊட்டுல இருக்கிற அவட முகம் கண்ணுக்கு முன்னால வந்திட்டு. கண்ண மூடிட்டன். குரல் வரல்ல."

"தம்பி, அதாலதானே அந்த மனிசன் உசிரோட இரிக்கிறார்."

"ஓம். ஆனா நான் காணல்ல." கொஞ்சம் பொறுத்து, "ஓடி மறிக்கக்குள்ள பயமிருக்கல்ல. பக்கத்துல இருக்கக்குள்ளதான்," என்றார். "பக்கத்துல இருக்கிறவன் கண்ண மூடினா, ஓடுறவன் என்ன செய்வான்? இண்டைக்கு ரோட்டுல ஆள் கிடந்தது. இன்னொரு நாளைக்கு ரோட்டு வளையும்."

நான் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது மட்டும், "இத ஆருக்கும் சொல்ல வாணாம் எண்டு நான் சொல்லல்ல. சொல்றதெண்டாச் சொல்லுங்க," என்றார். அவர் உயிரோடு இருக்கும்வரை நான் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் யாரோடும் ஏறவில்லை. பழக்கச் சொல்லி ஆள் வருவார்கள், திருப்பி அனுப்பிவிடுவார். பிள்ளை பிறந்த வீடு என்று ஊர் காரணம் சொல்லிக்கொண்டது. அவர் மறுக்கவில்லை. நானும் காரை ஆலை வேலைக்கு வைத்துக்கொண்டேன். அடுத்த கோடையில் பந்தயம் நடந்தது என்று கேள்விப்பட்டேன், பார்க்கப் போகவில்லை.

பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் அவருக்குக் குருநாகலுக்கு இடமாற்றம் வந்தது. மட்டக்களப்பில் சாயங்கால ரயிலைப் பிடிக்கவேண்டும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பின்னால் அவருடைய மனைவி, மடியில் பிள்ளை, பக்கத்தில் பெட்டி படுக்கை. முன்னால் அவர். பொருட்களை ஏற்றிக் கட்டி, அழுதவர்களைத் தேற்றிப் புறப்படவே நேரமாகிவிட்டது.

மருதமுனை தாண்டினோம். மிதிக்கலாம் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் பிள்ளையின் தலை தெரிந்தது. கால் இறங்கவில்லை. கல்லாற்றில் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்தப் பார்த்தது. களுவாஞ்சிக்குடியில் ஓவசியர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"காக்கா, கொஞ்சம் மிதிங்க."

"ஓம் தம்பி," என்றேன். மிதிக்கவில்லை.

"ரயில் போயிரும் காக்கா."

"புள்ள நித்திரை தம்பி."

அவர் என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே தூரத்தில் ரயில் கூவுவது கேட்டது. ஸ்டேஷனில் மேடை காலியாக இருந்தது. கூலியாள் ஒருவன் கூட்டிக்கொண்டிருந்தான். அடுத்த ரயில் மறுநாள் விடிந்துதான்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அவருடைய மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காலி மேடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பொத்தியும் அடங்கவில்லை. தோள் குலுங்கியதில் பிள்ளை எழும்பிவிட்டது.

"பந்தயக்காரர் ரெண்டு பேரும் கொண்டுவந்து சேர்த்த வடிவப் பாருங்க," என்றார்.

ஓவசியர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "தண்டவாளம் காட்டிட்டு வாறன்," என்று சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு மேடையின் கடைசிவரை மெதுவாக நடந்து போனார்.